மர்ஜானுக்குக் கட்டிய அறை

திருமலைராயன்பட்டினத்தில் குதிரைக்கு டைல்ஸ் போட்டு அறை கட்டியவர் ஜவஹர் அலி ஒருவர்தான். ஊரின் கடைசியில், கடல்காற்று எதிலும் தடுக்காமல் நேரே வந்து மோதுகிற இடத்தில் அவர் வீடு. பின்னால் பன்னிரண்டு தென்னை நிற்கிற மணல் கொல்லை. அந்தக் கொல்லையில், வீட்டுச் சுவரை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அளவில் அறை எழும்பியது. தரைக்கு வெள்ளை டைல்ஸ். இடுப்பளவுக்குச் சுவருக்கும் டைல்ஸ். மேலே சீலிங் ஃபேன், கொசுவலை அடித்த வெண்டிலேட்டர், கீழ்ப்பாதி தகடும் மேல்பாதி கம்பியுமாக ஒரு கதவு. வேலை செய்த கொத்தனார், மருமகன் வந்து தங்குவதற்கா பாய் என்று கேட்டார். குதிரைக்கு என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

சித்திக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையற்கட்டுக்கு டைல்ஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். குதிரை முந்திக்கொண்டது.

ஜவஹர் அலி இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் கார் ஓட்டியவர். அந்த வீட்டுப் பையன்கள் குதிரை ஏறப் போகும்போது இவர்தான் கூட்டிப்போவார். அவர்கள் திரும்பி வரும்வரை வெளியே காரில் உட்கார்ந்திருப்பார். அங்கே குதிரைகளுக்கு ஏசி ஓடுவதைப் பற்றி போனில் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு நாள் வெள்ளைக் குதிரை ஒன்று கார் கண்ணாடிக்குள் தலையை நுழைத்து அவர் சட்டைப்பையை முகர்ந்ததாம். அதைச் சொன்ன அன்றைக்கு அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. ஐம்பத்தோரு வயதில் ஒரேயடியாகத் திரும்பி வந்தவர் கடை வைப்பார், வேன் வாங்குவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், பால் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடலாம் என்றார். மர்ஜான் என்று பேர் வைத்தார்.

ஆட்டுக்குட்டியைக்கூட வாசலில் அண்டவிடாதவள் சித்திக்கா. லாரியிலிருந்து அது இறங்கியபோது உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஆனால் நுனி உள்வளைந்த அந்தக் காதுகளை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

முதல் இரண்டு மாதம் குறையில்லை. நாகூரில் ஒரு நிக்காஹ், காரைக்காலில் ஒன்று. மர்ஜான் கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு போய் வந்தது. காலையில் கொள்ளு, மாலையில் கொள்ளு, புல்லுக்காரி மாரிக்கண்ணு வரப்பில் அறுத்து வருகிற புல் இரண்டு கட்டு. விடிந்ததும் அரைமணி நேரம் கடற்கரை. மற்ற நேரமெல்லாம் ஃபேன் ஓடுகிற அறை. ஜவஹர் அலி தன் கையாலேயே டைல்ஸைக் கழுவிவிடுவார். மகள் இஃபாத் சென்னையிலிருந்து பேசும்போது, வாப்பா என்னைக்கூட இப்படி வளர்க்கவில்லை என்று சிரிப்பாள்.

புரட்டாசியில்தான் அது ஆடத் தொடங்கியது. கதவுக் கம்பிக்கு முன்னால் நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கும். முதலில் அது எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. குதிரை டான்ஸ் ஆடுகிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஜவஹர் அலி வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். குவைத்திலிருந்து அவருடைய கூட்டாளி சஃபியுல்லா கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பினார்.

பத்து நாள் கழித்தும் அது ஆடிக்கொண்டே இருந்தது. சித்திக்கா இடியாப்பம் பிழியும்போது ஆடியது. மீன் ஆய்ந்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் ஆடியது. பிறகு பலகை கடிக்கும் பழக்கமும் வந்தது. தீனித்தொட்டியின் விளிம்பில் மேல்பல்லை ஊன்றி, கழுத்தை வில்லாக வளைத்து, 'ஹக்' என்று காற்றை விழுங்கும். அந்தச் சத்தம் சமையற்கட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கடற்கரை நடையும் நின்றுபோனது. 'ஹக்' சத்தம் மட்டும் நிற்கவில்லை. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய தண்ணீர் தெளித்தார்கள். கண்ணேறு என்று மாரிக்கண்ணு எலுமிச்சம்பழம் கட்டினாள். பலகையில் பச்சைமிளகாய் அரைத்துப் பூசினார்கள்; அது மிளகாயோடு சேர்த்துக் கடித்தது. விற்றவர் போனில் சொன்னபடி கழுத்தில் ஒரு தோல்வாரை இறுக்கிக் கட்டினார்கள். காற்று விழுங்குவது குறைந்தது, ஆட்டம் இரட்டிப்பானது, வார் பட்ட இடம் புண்ணானது. ஒரு நாள் ஜவஹர் அலி பொறுமை இழந்து தண்ணீர்க் குழாயால் இரண்டு அடி அடித்துவிட்டார். மர்ஜான் மூலையில் ஒண்டியது. அன்றைக்கு சித்திக்கா அவருக்கு வஞ்சிர மீன் ஆணம் வைத்திருந்தாள். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்து எழுந்து போய்விட்டார்.

கார்த்திகையில் மறுபடியும் நாகூரில் ஒரு ஊர்வலம். பேண்டு வாத்தியம் தொடங்கியதும் மர்ஜான் பின்னங்காலில் எழுந்து நின்றுவிட்டது. நாலு பேர் பாய்ந்து பிடித்ததால் மாப்பிள்ளை விழவில்லை. அவர் காரில் ஏறிப் போனார். ஜவஹர் அலி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, வாஞ்சூர் எல்லை வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் கொள்ளு வைக்கப் போனவரைத் தோளில் கடித்தது. சட்டை கிழிந்து, பல் பதிந்து, ரத்தம் கட்டிப்போயிற்று.

சித்திக்கா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னார், குதிரையை விற்றுவிடலாம் என்று. திருச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் அடுத்த வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் சரி என்றாள். பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். சஃபியுல்லா ஒரு விசா இருப்பதாகச் சொல்கிறான். அங்கே ஒரு வீட்டில் டிரைவர் வேலைதான். நாலு வருஷம் போய்விட்டு வந்துவிடுகிறேன்.

பற்றுப் போட்ட கையை அவள் எடுக்கவே இல்லை. குதிரை போனால் இவரும் போவார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மறுநாள் மாரிக்கண்ணு புல்லுக்கட்டை இறக்கும்போது சித்திக்கா அவளிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். மாரிக்கண்ணுவுக்கு மாடு கன்று பழக்கம். கம்பிக்குப் பின்னால் ஆடுகிற தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது பசியில ஆடலைங்க. நோவுலயும் ஆடல. இருப்புக்கொள்ளாம ஆடுது. எங்க மாட்டைப் பாத்த டாக்டரம்மா ஒண்ணு இருக்கு, பூவம் ஊருப் புள்ள. தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாக்கும். அதுக்கு ஒரு போன் போடுங்க."

டாக்டர் எழில்மதி மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தான் மாட்டு டாக்டர்தான் என்றும், குதிரையைக் கல்லூரியில் பார்த்ததோடு சரி என்றும், நேற்று முழுக்கப் படித்துவிட்டு, கூடப் படித்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டும் வந்திருப்பதாகவும் முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள். கால்மணி நேரம் ஆயிற்று. ஜவஹர் அலி ஃபேனைக் காட்டினார், கொசுவலையைக் காட்டினார், டைல்ஸைக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போய்ப் பல்லைப் பார்த்தாள், வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்து, ஒரு நாளைக்கு எத்தனை நேரம் வெளியே விடுகிறீர்கள் என்று கேட்டாள். மழை இல்லாவிட்டால் அரைமணி என்றார் அவர். புல் எத்தனை நேரத்தில் தீரும் என்று கேட்டாள். அதற்கு சித்திக்காதான் பதில் சொன்னாள்: இரண்டு கட்டும் சேர்த்து இரண்டு மணி நேரம்.

"அப்ப மீதி நேரமெல்லாம் அது என்ன பண்ணும்?" என்றாள் டாக்டர்.

உள்ளே 'ஹக்' என்றது.

"இது வியாதி இல்லைங்க பாய். ஊசி போட்டு நிறுத்துற சமாச்சாரம் இல்ல. மேயுறதுக்கும் நடக்குறதுக்கும்னு உள்ள உடம்பு இது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சிக்கிட்டே இருக்கணும், நாலு பேரோட நிக்கணும். எதுவும் இல்லேன்னா ஆடும், பலகையைக் கடிக்கும். அதுதான் அதுக்கு ஆறுதல். நீங்க வாரைக் கட்டி அதையும் புடுங்கிட்டீங்க. முதல்ல அந்த வாரைக் கழட்டுங்க. இப்படியே விட்டா வயித்துல புண்ணு வரும், ஒரு நாள் வலி கண்டு விழுந்துடும்."

ஜவஹர் அலிக்கு முகம் சிவந்துவிட்டது. குவைத்தில் ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றார்.

"அங்கயும் ஆடுற குதிரை இருந்திருக்கும் பாய். நீங்க காருக்குள்ள இருந்துதானே பாத்தீங்க" என்றாள் எழில்மதி. குத்திக்காட்டுகிற குரல் அதில் இல்லை. கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை மணல் கிடக்கிறது, அந்தப் பக்கச் சுவரை எடுத்துவிட்டு வேலி போட்டு வெளியே விடுங்கள், கூட ஒரு துணை பாருங்கள் என்றாள்.

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். சித்திக்கா டாக்டருக்கு டீ போட்டுக் கொடுத்து, அதுவரைக்கும் ஏதாவது செய்யலாமா என்று மெல்லக் கேட்டாள். சில இடங்களில் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள் அக்கா, இன்னொரு குதிரை நிற்கிறதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் அமைதியாகும் என்றாள் அவள். உடைத்துவிடாத தூரத்தில் வைக்கவேண்டும்.

சித்திக்கா தன் கல்யாணச் சீரில் வந்த ஆளுயரக் கண்ணாடியை மாரிக்கண்ணுவும் தானுமாகத் தூக்கிக்கொண்டு போய், கதவுக்கு எதிரே மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து, நனையாமல் மேலே ஒரு தகட்டைச் செருகினாள். மர்ஜான் காதுகளை முன்னால் நீட்டியது. ஆட்டம் நின்றது. அன்றைக்கு மதியம் வரை ஒரே ஒரு 'ஹக்'தான் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. ஜவஹர் அலி வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தூறல். மர்ஜான் கம்பிக்கு வெளியே எட்டுகிற மட்டும் கழுத்தை நீட்டி, கண்ணாடியைப் பார்த்து மூக்கைச் சுருக்கி, தாழ்ந்த குரலில் கனைத்தது. கனைத்துவிட்டுக் காத்திருந்தது. பதில் வரவில்லை. மறுபடியும் கனைத்தது. உதட்டை அசைத்து அசைத்துக் காற்றையே வருடியது.

சித்திக்கா முறத்தைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் கடைசிப் பத்து வருஷம் அவளுக்குப் புருஷன் போனுக்குள்தான் இருந்தார். மசாலா டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கியபடி பேசுவாள். நெட் அறுந்து அவர் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடும். அந்த நின்ற சிரிப்பிடமே மீதிக் கதையைச் சொல்லி முடித்த நாள்கள் உண்டு. அவள் எழுந்து போய், தாவணித் துண்டொன்றை எடுத்து அந்தக் கண்ணாடியை மூடினாள்.

அன்று பிற்பகல் மழை வலுத்துக் கரண்டு போய்விட்டது. ஜவஹர் அலி கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் மடியில் இருந்தது. சித்திக்கா தேத்தண்ணியும் இரண்டு இறால் வாடாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். கோவப்படாம சொல்லுங்க. அங்க உங்க ரூம் எவ்வளவு பெருசு?"

"சொல்லியிருக்கேனே. ஏசி ரூம்."

"ஏசின்னு சொல்லியிருக்கீங்க. பெருசு எவ்வளவுன்னு சொன்னதில்ல."

அவர் வாடாவைப் பிட்டார். பிட்டதை வாயில் போடவில்லை.

"கேட்டை ஒட்டின ரூம். பத்துக்கு எட்டு இருக்கும்."

"வேலை இல்லாதப்ப என்னா செய்வீங்க?"

பிட்ட துண்டைத் தட்டிலேயே வைத்தார். பிறகு அவர், "நடப்பேன்" என்றார்.

"எங்க?"

"ரூமுக்குள்ளதான். வெளிய போவ முடியாது புள்ள. அவங்க எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாது. நடுப்பகலும் கூப்புடுவாங்க, விடிய பஜர் பாங்குக்கு முன்னாடியும் கூப்புடுவாங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கணும். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல நாலரை எட்டுதான் வைக்க முடியும். நடந்து, திரும்பி, நடந்து. நடக்குறேன்னே எனக்குத் தெரியாது. ஒரு நாளு ஜமக்காளத்தைத் தட்டலாமுன்னு எடுத்தேன். நான் நடந்த தடம் மட்டும் தேஞ்சி நூலு தெரிஞ்சிச்சு."

திரும்பி வந்த புதிதில், தெருவில் கார் ஹாரன் கேட்டால் அவர் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து நின்றது சித்திக்காவுக்கு நினைவு வந்தது. பழக்கம் என்று சிரித்துக்கொண்டு திரும்ப உட்காருவார்.

"மர்ஜான் ஆடுற எடத்துல டைல்ஸ் மங்கிப்போயி கெடக்கு, பாத்தியா?" என்றார் அவர். "நான் புரட்டாசியிலயே பாத்துட்டேன். டாக்டரம்மா சொல்லித்தான் தெரியணுமுன்னு இல்ல எனக்கு. பாத்துட்டு அதைப் பாக்க முடியல. அதான் வித்துடலாமுன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அந்த ரூமைப் பத்தி."

"சொன்னா வந்துடுங்கன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் வந்துடுவேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கோபமும் வந்தது. இத்தனை வருஷம் தனக்கு ஏசி ரூம், ஏசி ரூம் என்று சொல்லிச் சொல்லியே அவளை வாயடைத்துவைத்திருக்கிறார்.

"அப்படியாப்பட்ட ரூமுக்கா மச்சான் திரும்பப் போறேங்குறீங்க?"

அவர் குடிக்காத தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லது நெனச்சித்தான் கட்டினீங்க. எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நீங்களும் போவ வேணாம், அதையும் ஏத்திவிட வேணாம். நாளைக்கு மழை விட்டா அந்தச் செவுத்த இடிங்க."

மறுநாள் மழை விட்டது. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். மர்ஜானைத் தென்னையில் கட்டிவிட்டு, கொல்லைப் பக்கச் சுவரில் முதல் இடி இடித்தார். டைல்ஸ் தெறித்தது. அவருக்கு வலிக்கிற மாதிரி முகம் சுருங்கியது. இரண்டாவது இடியில் அவ்வளவு சுருங்கவில்லை. பத்து மணிக்குக் கொத்தனாரே வந்து சேர்ந்துகொண்டார். கட்டினதும் நான், இடிக்கிறதும் நானா பாய் என்று சலித்துக்கொண்டார். இரண்டு சுவர் போயிற்று. கூரையும், காற்றடிக்கிற பக்கத்துச் சுவர் இரண்டும் மழைக்கு ஒதுங்க நின்றன. தரை டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்து மணல் கொட்டினார்கள். உடையாமல் வந்ததையெல்லாம் சித்திக்கா எடுத்துக் கழுவி அடுக்கியதை யாரும் கேட்கவில்லை. சவுக்குக் கழி நட்டுக் கொல்லை முழுக்க வேலி போட நாலு நாள் ஆயிற்று. திருச்சிக்காரருக்கு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று.

துணைக்கு இன்னொரு குதிரைக்கு எங்கே போவது? காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற ஹமீதிடம் ஒரு கிழட்டு மட்டக்குதிரை இருந்தது. காயடித்தது, கருகின தோசை நிறம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பட்டாணி என்று பேர். சவாரிக்கு இனி ஆகாது, தீனி போட்டால் போதும், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் அவர். ஜவஹர் அலி அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காரைக்காலிலிருந்து நடந்தே வந்தார். வழியெல்லாம் டீக்கடையிலிருந்து கேலி. வீட்டில் மாரிக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான பொண்ணுக்கு இதையா தேடிப் பிடிச்சிட்டு வந்தீங்க என்று கேட்டாள்.

முதல் இரண்டு நாள் சித்திக்கா வேலியை விட்டு நகரவில்லை. பட்டாணி குட்டையே தவிர அதிகாரத்துக்குக் குறைவில்லை. மர்ஜானின் பின்புறத்தைக் கடித்து விரட்டிவிட்டுப் புல் முழுவதையும் தானே தின்றது. அத்தனை உயரக் குதிரை வேலியோரம் பயந்து நின்றது. டாக்டருக்குப் போன் போட்டாள். புல்லை ஒரே இடத்தில் போடாமல் மூன்று இடத்தில் போடுங்கள் அக்கா, அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள் என்றாள் எழில்மதி. சட்டென்று தீராதபடி ஏதாவது வலையில் அடைத்துத் தொங்கவிடவும் சொன்னாள். மாரிக்கண்ணு கருக்களாச்சேரியில் இருக்கிற தங்கை வீட்டிலிருந்து கிழிந்த மீன்வலை வாங்கிவந்தாள். சித்திக்கா அதைப் பையாகத் தைத்து, வைக்கோலும் புல்லும் கலந்து திணித்துத் தென்னையில் கட்டினாள். வலைக்கண் வழியாக ஒவ்வொரு இழையாக உருவித் தின்ன வேண்டும். ஒரு பை அரை நாளுக்கு வந்தது. கொள்ளு பாதியாகக் குறைந்தது.

ஐந்தாம் நாள், இரண்டும் எதிரும் புதிருமாக நின்று ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் சொறிந்துவிடுவதை அவள் பார்த்தாள். மர்ஜானுக்குத் தலையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. பட்டாணி எட்டின மட்டும் செய்தது. அவள் போய் ஜவஹர் அலியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து காட்டினாள்.

மார்கழியில் சஃபியுல்லா விசா விஷயமாகக் கூப்பிட்டபோது ஜவஹர் அலி, சாணி அள்ளிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை. தை பிறப்பதற்குள் ஒரு ஊர்வலமும் வந்தது, உள்ளூரிலேயே. பட்டாணி பக்கத்தில் நடந்தால்தான் மர்ஜான் நடந்தது. அதனால் அதற்கும் ஒரு மாலை போட வேண்டியதாயிற்று. பேண்டு அடித்தபோது மர்ஜான் காதைத் திருப்பிப் பட்டாணியைப் பார்த்தது. அது காது கேளாத மாதிரி யாரோ கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. சரி என்று இதுவும் நின்றது.

ஆட்டம் முழுக்கப் போய்விடவில்லை. சாயங்காலம் ஜவஹர் அலி தொழப் போகிற நேரத்தில், வேலியோரம் நின்று பத்து நிமிஷம் ஆடும். ஊறிப்போன பழக்கம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதற்காக அடிக்கவோ கட்டவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். இருந்துட்டுப் போவட்டும் என்றார் ஜவஹர் அலி. மழை பெய்கிற சில நாள் அவரும் கூடத்தில் நடப்பார். சித்திக்கா பார்த்தால், வாங்க கடைக்குப் போய்ட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொள்வாள்.

தை மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். பனி விலகி வெயில் இளஞ்சூடாக விழுந்திருந்தது. சித்திக்கா குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்கு வந்தாள். தென்னைகளுக்கு நடுவே மணலில் மர்ஜான் விழுந்துகிடந்தது. நாலு காலும் நீட்டி, கழுத்து நீட்டி, ஒரு பக்கமாக. ஒரு நாளும் அதை அப்படிப் பார்த்ததில்லை. வயிற்று வலி கண்டு விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் கேட்டது. உள்ளே ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இருவரும் வேலிக்கு ஓடிவந்தார்கள். ஜவஹர் அலி வேலிக் கயிற்றை அவிழ்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மா, மர்ஜான் விழுந்துகெடக்கு, வாங்க என்றார். அந்தப் பக்கம் எழில்மதி அவசரப்படாமல் ஏதோ கேட்டாள்.

"பட்டாணியா? பக்கத்துல நிக்கிறான். சும்மாதான் நிக்கிறான்... மூச்சா? இருக்கு. வயிறு ஏறி எறங்குது. புரளல... கண்ணு மூடியிருக்கு. ஒதடு துடிக்குது."

பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை மெல்ல இறக்கினார்.

"என்னாவாம்?"

"தூங்குதாம்" என்றார். "குதிரை நின்னுக்கிட்டே கண்ணசரும். ஆனா நல்லா தூங்கணுமுன்னா படுக்கணுமாம். ஒத்தையில இருந்தா பயந்துக்கிட்டு படுக்காதாம். இன்னொண்ணு காவலுக்கு நின்னாதான் உடம்ப நீட்டுமாம். வந்ததுலேருந்து இது படுத்துப் பாத்திருக்கீங்களான்னு கேட்டுச்சு."

பார்த்ததில்லை. ஆடியிலிருந்து இதுவரை ஒரு நாளும் இல்லை.

பட்டாணி ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு, பூ விழுந்த கண்ணை அவர்கள் பக்கமும் நல்ல கண்ணைத் தெருப்பக்கமும் வைத்து நின்றது. வெள்ளை வயிறு ஏறி இறங்கியது. குளம்பு ஒன்று கனவில் எங்கேயோ ஓடுகிற மாதிரி அசைந்தது. ஜவஹர் அலி அவிழ்த்த கயிற்றைச் சத்தமில்லாமல் திரும்பக் கட்டிவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்தார். சித்திக்காவும் பக்கத்தில் உட்காரப் போனாள். பாதியில் நிமிர்ந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சமையற்கட்டுக்கு ஓடினாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாள்.